குடை பாய் வளர்த்த கோழிமயில்

ரிப்பேருக்கு வந்த குடைகளை வைத்துக் காடு வளர்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில், ஸ்டேஷன் ரோட்டில், என் அறைக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. குடை பாய் என்றால் எந்த ஜட்காக்காரனும் சரியாக அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவான்.

மழையை எண்ணி எண்ணிப் பார்க்கிற ஊரில் குடை ரிப்பேர் கடை வைத்தவர் என்பதிலிருந்தே ஆசாமியின் வியாபார சாமர்த்தியத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கேட்டால், "வெயிலுக்கும் கொடை வேணுமில்ல சார்?" என்பார். நியாயம்தான். ஆனால் வெயிலுக்கு வேண்டும் என்று அவரிடம் குடையைக் கொடுத்தவர்கள், வெயில் காலம் முடிகிறவரை அதைத் திரும்பக் கண்ணால் பார்த்ததில்லை. என் குடையும் அதில் ஒன்று.

அவரை நான் முதலில் பார்த்தது பர்மாவில் குண்டு விழுந்த வருஷம். யுத்தத்துக்குப் பயந்து ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்து வந்தவர்கள், கிடைத்த ரயிலில் ஏறி, ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது திருத்தணி ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். கல்யாணம் ஆகாதவன். எனக்கு ஒரே ஒரு வியாதி: அடுத்தவர் மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது. அந்த வியாதிக்குச் சம்பளமும் கொடுத்து என்னைப் பார்சல் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள்.

எலும்பும் தோலுமாக ஒருவர் இறங்கினார். கையில் ஒரு மூங்கில் கூடை. அதைத் தவிர மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. கூடைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம். ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். சருகுக் குவியலில் சருகு நிறத்திலேயே ஒரு குஞ்சு.

"கோழிக்குஞ்சுக்கு பார்சல் சீட்டு போட்டீங்களா?" என்றேன் அதிகாரமாக.

"கோழி இல்லீங்க சார்."

"பின்னே கவுதாரியா?"

"அதுவும் இல்லீங்க. காட்டுல ஜனங்க ஓடியாந்தப்போ தாய்ப்பறவை பயந்துகினு பூட்ச்சு. ரெண்டு முட்டைல ஒண்ணை யாரோ மிதிச்சிட்டாங்க. இன்னொண்ணை மடியில கட்டிக்கினு வந்தேன். ஒம்பதாம் நாளு வழியிலயே பொரிஞ்சிடுச்சு. பர்மாக்காரன் ஒரு பேரு சொன்னான், என் வாயில நுழையல."

ஊர் உலகமெல்லாம் தங்கத்தையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, ஒரு முட்டையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்த மனிதரை என்ன செய்வது? 'விவரம்' என்று போட்டிருந்த கட்டத்தில் 'கோழிக்குஞ்சு ஒன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

"கோழி இல்லீங்களே சார்" என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

பாய்க்குச் சொந்த ஊரே திருத்தணிதான். சின்ன வயசில் ரங்கூன் போனவர். இங்கே பெரியப்பா வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன் முன்பக்கம் குடைக் கடை ஆயிற்று. பின்பக்கம் என்ன ஆயிற்று என்பதைத்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னால் முடிந்தது. அந்த வீட்டுப் பின்சுவரில் இருந்த ஒரு ஓட்டைக்கும் என் கண்ணுக்கும் சரியான உயரம்.

பின்கட்டு முற்றம் முழுக்க முழங்கால் உயரத்துக்குச் சருகு. மலைப்படிகளில் பெருக்கித் தள்ளிய வேப்பஞ்சருகும் அரசஞ்சருகும் கோணி கோணியாக வந்து சேர்ந்திருந்தன. அதன்மேல் நாற்பது, ஐம்பது குடைகள் விரித்தபடி கயிற்றில் தொங்கின. வக்கீலின் குடை, தபால்காரரின் குடை, என் குடை, எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரு பொட்டு வெயிலைக் கீழே விடாமல் நின்றன. பாய் ஒரு பூவாளியால் அந்தக் குடைகளின் மேலேயே தண்ணீர் ஊற்றினார். அது கம்பி முனைகளில் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. சித்தூர் ஜில்லாவே வெயிலில் வறுபட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஒரு முற்றத்தில் மட்டும் பர்மாவில் மழை பெய்துகொண்டிருந்தது.

"பாய், என் குடை எப்போ ரெடியாகும்?"

"வேலைல இருக்குது சார்."

பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது.

பறவைக்குத் தானியம் ஆகவில்லை. கறையான் வேண்டும். பாய் தினமும் சாயங்காலம் ஒரு சட்டியோடு கே.ஜி.கண்டிகைப் பக்கம் போய்ப் புற்று தேடுவார். பெண்கள் மஞ்சள் பூசிப் பால் ஊற்றுகிற புற்றுகளை மட்டும் தொடமாட்டார். "அது அவங்க சாமிது. அங்க இருக்கிற கறையான் கெட்டியா பொழைச்சுக்கினு போவட்டும்" என்பார்.

இப்படியே இரண்டு வருஷம். அதற்குள் சருகு நிறக் குஞ்சு ஆளே மாறிவிட்டது. கோழியைவிடச் சின்ன உடம்பு, நீண்ட வால், சாம்பல் பூத்த பழுப்பு நிறம், நெற்றியில் சிலிர்த்த முடிக்கொத்து. முதுகிலும் வாலிலும் ஒவ்வொரு இறகின் நுனியிலும் நீலமும் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிற ஒரு கண். கீழே கிளறும்போது கோழி. திரும்பினால் மயில். வெயில் தாழ்ந்த பிறகு கடைப் பக்கம் வந்து உலாவும் அதற்கு ஊர் கோழிமயில் என்று பெயர் வைத்தது. நினைத்துப் பாருங்கள், மேலே மலையில் இருக்கிறவருக்குக் கொடியில் சேவல், வாகனம் மயில். இரண்டையும் ஒரே உடம்பில் போட்டு ஒரு பறவை அந்த மலையடியிலேயே குடை ரிப்பேர் கடையில் வந்து உட்கார்ந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கடை வாசலில் சிலர் கற்பூரமே ஏற்றிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாய் ஒரு புது வழக்கம் ஆரம்பித்தார். காலை ஆறு மணிக்குப் பின்கட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். அரை மணி கழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வருவார். என் சுவர் ஓட்டையில் களிமண் அடைத்திருந்தது. எனக்கு இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை.

ஊருக்கும் அதே நிலைமை. ரங்கூன் தங்கத்தை எண்ணுகிறார் என்றார்கள். அபின் என்றார்கள். யுத்த காலமாயிற்றே, ஜப்பான்காரனுக்கு ஒயர்லெஸ்ஸில் பேசுகிறார் என்று ஒருவர் சொல்ல, ஹெட் கான்ஸ்டபிள் கிளம்பிவிட்டார். பருத்த ஆள், தெலுங்குக்காரர். விடியற்காலையில் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நேரே என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார்.

"நைனா, ஒயர்லெஸ் லேது. உள்ள பொம்பள இருக்குது!"

"பொம்பளையா?"

"ஆங். இவன் கொஞ்சிக்கினு இருக்கான். 'போதும்பா, வெக்கமா இருக்குது, யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க'ன்றான். என் ரெண்டு காதால கேட்டேன்."

மத்தியானத்துக்குள் பாய் ஒரு பர்மாக்காரியை ஒளித்து வைத்திருக்கிறார் என்பது பள்ளிப்பட்டு வரை பஸ் ஏறிப் போய்விட்டது.

இதற்கு நடுவே பொதட்டூர்பேட்டையிலிருந்து நூறுதறிக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்குத் தறி ஆறுதான். பேச்சில் நூறு. அவருடைய ஒரே பையன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவன். பல மாதமாகக் கடிதமே இல்லை. 'பையன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வரி வந்தால் உயிருள்ள சேவல் ஒன்று, உயிருள்ள மயில் ஒன்று' என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டார். வரி வந்துவிட்டது. சேவல் கிடைத்தது. மயிலுக்கு எங்கே போவது? அலைந்து அலுத்தவரிடம் யாரோ கோழிமயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

கடை வாசலில் நின்று அதைப் பார்த்ததும் மனுஷன் அழுதேவிட்டார். "என் புள்ளயும் பர்மாவுல, இதுவும் பர்மாவுலருந்து வந்தது. முருகன்தான்யா அனுப்பிச்சிருக்கான். குடுத்திடு பாய், ஆடிக்கிருத்திகைக்கு மலைக்கு ஏத்திடறேன்."

பாய் 'முடியாது' என்று சொல்லவில்லை. அந்தக் காட்டில் பிள்ளைகளைத் தொலைத்தவர்களை அவர் நேரில் பார்த்தவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "வேண்டுதல் பெரிசுங்க. நான் குறுக்கே நிக்கக்கூடாது" என்றார். பிறகு மெதுவாக, "மலைமேல யாருங்க இதுக்கு சருகு நனைப்பாங்க? ரெண்டு நாளு வெயில் பட்டா செத்துப்பூடுமே" என்றார்.

ஊர் கூடிப் பேசியது. நல்லவேளையாக நம் ஜனங்களுக்குச் சிக்கல் என்றால் அதற்குள் இன்னொரு சிக்கல் வேண்டும். நேர்ந்துகொண்டது மயில். இது மயில்தான் என்று யார் சொன்னது? சேவல் என்றால் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! ஹெட் கான்ஸ்டபிள் தீர்ப்புச் சொன்னார்: கிருத்திகையன்று காலையில் பின்கட்டைத் திறக்க வேண்டும். பறவை கூவினால் சேவல், பாயோடு இருக்கட்டும். தோகை விரித்து ஆடினால் மயில், மலைக்குப் போகட்டும். உள்ளே இருக்கிற பொம்பளையைப் பற்றியும் அப்படியே விசாரித்துக்கொள்ளலாம் என்று என்னிடம் கண்ணடித்தார்.

"காலைல வேணாங்க, மத்தியானம் வெச்சுக்கலாமே" என்று பாய் கெஞ்சினார். அதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

கிருத்திகை வந்தது. மலை முழுக்கப் பூக்காவடி, அரோகரா. கீழே பாய் வீட்டுப் பின்கட்டில் ஐம்பது குடைகளின் அடியில் நாங்கள் குனிந்து நின்றோம். நூறுதறிக்காரர் தட்டில் மாலையோடு முன்னால் நின்றார். பொம்பளையைக் காணோம். பறவையையும் காணோம்.

"எங்கய்யா அது?"

"அதோ, உங்க எதிர்லயேங்க" என்றார் பாய். பயந்தால் அசையாமல் நிற்பது அதன் வழக்கம். சருகோடு சருகாக, மூன்று முழ தூரத்தில், நாற்பது பேருக்கு எதிரில் அது நின்றுகொண்டிருந்தது. கூவவில்லை. ஆடவில்லை. அரை மணி நேரம் நாங்கள் அதைப் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது. வக்கீல் அந்த நேரத்தில் தம் குடையை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போது மேலே படபடவென்று சத்தம். பூவாளி இல்லை, நிஜத் தூறல். ஈரச் சருகிலிருந்து ஈசல் புஸ்ஸென்று கிளம்பியது. பறவை ஒரு எட்டு வைத்து ஒரு ஈசலைக் கொத்தியது. விழுங்கவில்லை. அலகில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தது. நூறுதறிக்காரர் இரண்டு கையையும் ஏந்தினார். அது அவரைத் தாண்டிப் போய், பாயின் காலடியில் ஈசலை வைத்தது. வைத்துவிட்டுத் தலையைத் தரையோடு தாழ்த்தி, இறக்கையையும் வாலையும் ஒருசேர விரித்தது. அத்தனை கண்களும் ஒரே சமயத்தில் திறந்தன. கொக், கொக், கொக் என்று தொண்டைக்குள்ளேயே ஒரு குழைவு.

பாய் லுங்கி முனையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹெட் கான்ஸ்டபிளுக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்போ உள்ள இருந்த பொம்பள?"

"நான்தாங்க" என்றார் பாய், லுங்கிக்குள்ளிருந்து. "கண்ணு தெறந்ததுலருந்து என் மூஞ்சியத்தான பாத்துது. ரெண்டு மாசமா என்னை அதும் பொண்டாட்டின்னு நெனைச்சுக்கினு இருக்குதுங்க. தெனம் காலைல இதே ரோதனை. வெளிய சொல்ல முடியுங்களா?"

ஊர் சிரித்த சிரிப்பில் குடைகள் ஆடின. நூறுதறிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அது குடுக்கிறத நீ இன்னா பாய் பண்ணுவே?"

"வாயில போட்டுக்குவேங்க. இல்லன்னா அது சாப்புடாது. மறுக்கா மறுக்கா எடுத்தாந்து வெச்சுக்கினே இருக்கும்."

சொல்லிவிட்டு, நாற்பது பேர் பார்க்க, குனிந்து அந்த ஈசலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பறவை இறக்கையை மடக்கியது. அப்புறம்தான் தனக்கு ஒன்று கொத்தி விழுங்கியது.

ஆடிவிட்டது. தீர்ப்புப்படி மயில். கான்ஸ்டபிள் கூடையை எடுத்தார். நூறுதறிக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

"வைய்யா கீழ. தனக்கு மின்னாடி அவனுக்கு ஊட்டறத நான் பிரிச்சு எடுத்துக்கினு போனா, என் புள்ளயத் திருப்பிக் குடுத்தவன் என்னை இன்னான்னு கேப்பான்?"

அன்றைக்கு அவர் சேவலையும், கடைத்தெருவில் வாங்கிய ஒரு வெள்ளித் தகட்டு மயிலையும் எடுத்துக்கொண்டு மலையேறினார். போகிறபோது தம் பையிலிருந்து தாமே நெய்த ஒரு கட்டம் போட்ட லுங்கியை எடுத்துப் பாயின் தோளில் போட்டார். "பொண்ணுக்கு என் வீட்டு சீர்" என்றார். அப்போதுதான் அவரும் சிரித்தார்.

பறவைக்கு மாப்பிள்ளை என்று பெயர் நிலைத்துவிட்டது. பாய்க்கும் வெட்கம் விட்டுப் போயிற்று. குடைகள் மட்டும் யாருக்கும் திரும்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

யுத்தம் முடிந்து, ரங்கூனுக்கு மறுபடி கப்பல் விட்ட பிறகு ஒருநாள் பாய் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். இடுப்பில் அதே லுங்கி. கையில் கூடை.

"மெட்ராசுக்கு டிக்கெட் போடுங்க சார். அங்கருந்து கப்பல்."

"ஏன் பாய்? இங்கே என்ன குறை?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. இதுக்குத்தான். பாவம், எத்தினி நாளைக்குத்தான் என்னையே பொண்டாட்டின்னு நெனைச்சு ஏமாந்துகினு இருக்கும்? அதே காட்டுக்குப் போயி, இதும் ஜாதில ஒரு பொண்ணு பாத்து வுட்டுடறேன்."

சாமிக்குக் கொடுக்க மனசு வராமல் தவித்த மனிதர், பெண் பார்த்துக் கொடுத்துவிட்டு வரக் கடல் தாண்டிப் போகிறார். நான் பார்சல் சீட்டை எடுத்தேன். 'விவரம்' என்ற கட்டம் என்னைப் பார்த்தது. 'கோழி' என்று எழுதக் கை வரவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

"பார்சல் வேண்டாம் பாய். மூணு வயசு தாண்டிடுச்சு இல்லையா? அரை டிக்கெட் போட்டுடறேன்."

பாயின் முகம் சுண்டிவிட்டது. "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளைக்கு அரை டிக்கெட்டா சார்?"

தப்புதான். முழு டிக்கெட்டாக இரண்டு கொடுத்தேன்.

அப்புறம் வெகு நாள் மெட்ராஸ் வண்டி வந்தால் கணக்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். வெறுங்கையோடு பாய் ஒருவர் மட்டும் இறங்கிவிடக்கூடாதே என்று பயமாக இருக்கும். அவர் இறங்கவே இல்லை. அங்கே பாய்க்கும் ஒரு பெண் கிடைத்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். என் குடையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.