புகார்ப்பெட்டிச் சாவி போலீஸ் ஸ்டேஷனில் பத்திரமாக இருக்கிறது

மதிப்புக்குரிய மைத்துனர் ஏட்டு அவர்களுக்கு,

அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தங்கள் தொப்பியும் லத்தியும் நலமாயிருக்க விரும்புகிறேன். வயதில் சின்னவரைப் போய் 'தாங்கள்' என்று எழுதுகிறேனே என்று உங்கள் அக்கா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். உறவு உறவுதான், உடுப்பு உடுப்புதான். கொஞ்ச நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள் சிரித்ததே பெரிய விஷயம் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பேட்டைக் காவல் நிலையத்தையும் அந்தப் பேட்டை மக்கள் தேர்ந்தெடுத்த குழு கண்காணிக்க வேண்டும் என்று புது ஏற்பாடு வந்திருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வீட்டு வரி கட்டத்தான் போனேன். இரண்டு வரிசை இருந்தது, ஆள் குறைவாக இருந்ததில் நின்றேன். ஜன்னலுக்குப் போனதும் ஒரு தாளை நீட்டினார்கள். அத்தனை நேரம் நின்றுவிட்டு ஒரு கையெழுத்தாவது போடாமல் திரும்பினால் நன்றாயிருக்காதே என்று போட்டேன். அது வேட்புமனு. என்னை எதிர்த்து ஆளே இல்லாததால் அமோக வெற்றி. வரி இன்னும் கட்டவில்லை.

ஜெயித்தாயிற்று, ஆனால் கண்காணிப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பார்ப்பதுதானே என்று மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு எதிரே மரநிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"பெரியவரே, காலைலேருந்து இங்கேயே என்ன முறைச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"கண்காணிக்கிறேங்க."

"யாரை?"

"உங்களைத்தாங்க."

சந்தேகத்துக்கு இடமாக நடமாடினேன் என்று உள்ளே அழைத்துப் போய் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். நடமாடவே இல்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். இருந்தாலும் உள்ளேயிருந்து எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரிந்ததால் ஆட்சேபிக்கவில்லை. மத்தியானம் உங்கள் அக்கா வந்து மீட்டுக்கொண்டு போனாள். வழி நெடுக என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

குழுவில் என்னோடு மருந்துக்கடைக்காரரும் பாட்டு டீச்சரும் இருக்கிறார்கள். நான் தலைவர், மூவரில் மூத்தவன் என்பதால். சமுதாயக்கூட வாசலில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்றை மாட்டினோம். போலீஸ் மேல் குறை இருப்பவர்கள் எழுதி அதில் போட வேண்டும், பெட்டியில் விழாத புகார் புகாரே அல்ல என்பது விதி. சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் முதல் கூட்டமே ரகளையாகிவிட்டது. டீச்சர் வீட்டில் பாட்டுக்கு வருகிற பிள்ளைகள் கை வைக்காத பொருள் கிடையாது. மருந்துக்கடையில் ஒரு பொருளை வைத்தால் திரும்ப எடுக்க டாக்டரே வர வேண்டும். என் மறதி ஊரறிந்தது. ஆனால் மாப்பிள்ளை, பஸ் பணிமனை ஸ்டோரில் நட்டு போல்ட்டுக்குக்கூட கையெழுத்து வாங்கியே ரிட்டையர் ஆனவன் நான். ஒரு சாவி என்றால் பத்திரமான இடம் வேண்டும், எந்நேரமும் ஆள் இருக்க வேண்டும், ரசீது தர வேண்டும். இந்தப் பேட்டையில் அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. மூவரும் சேர்ந்து போய் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர், டீ வாங்கிக் கொடுத்து ரசீதும் கொடுத்தார். போலீஸ் மேல் வரும் புகாரைப் பூட்டிவிட்டு சாவியைப் போலீஸிடமே கொடுத்திருக்கிறோம் என்பது தெருமுனை திரும்பும் வரை எங்களுக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகும், திரும்பிப் போய்க் கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று அவர் மனசு கஷ்டப்படுமே என்று வந்துவிட்டோம்.

இந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் ஒரு மேல்மாடி வீட்டில் டி.வி. திருட்டுப் போயிற்று. பூட்டு உடையவில்லை. உடைக்காமல் திறக்கத் தெரிந்தவர் யார் என்று யோசித்து, தெருமுனையில் சாவி செய்து பிழைக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சாவிக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வது. ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, ஒன்றும் தேறாமல் அனுப்பிவிட்டார்கள். ஆனால் சாவி வெட்டுகிற மெஷினையும் சாமான் பெட்டியையும் ஆதாரம் என்று வைத்துக்கொண்டார்கள். அவர் புகார் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, "போட்டுட்டேன் சார், நீங்கதான் பாத்துக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தாங்களே சொல்லுங்கள். புகாரை எடுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டும், பெட்டிச் சாவி ஸ்டேஷனில், மாற்றுச் சாவி செய்யலாமென்றால் செய்கிறவர் அவர் ஒருவர்தான், அவருடைய மெஷினும் ஸ்டேஷனில், மெஷினைக் கேட்கலாமென்றால் புகார் கைக்கு வர வேண்டும், புகாரோ பெட்டிக்குள். இதை டீச்சரிடம் சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் எங்கே ஆரம்பித்தேன் என்று மறந்து திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் இன்ஸ்பெக்டரையே கூட்டத்துக்கு அழைத்தோம். விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டாம். அவர் உள்ளே வந்ததும் மூவரும் எழுந்துவிட்டோம். நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது என்று என் இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

"என்ன பிரச்சினை, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லீங்க சார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"புகார் ஏதாவது வந்திருக்கா?"

"பெட்டியைத் தொறந்தாத்தான் சார் தெரியும்."

"தொறங்க."

"சாவி உங்க கிட்ட இருக்குங்க."

"ஸ்டேஷன்ல இருக்கிற பொருளை நான் சும்மா தூக்கிக் கொடுக்க முடியுமா? குழுவுக்கு ஒரு மனு எழுதி, முறைப்படி பெட்டியில போடுங்க. குழு சொன்னா உடனே தந்துடறேன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான், குழு என்பது நாங்களல்லவா என்று தோன்றியது. உங்கள் அக்காவிடம் சொன்னேன். "நீங்க தலைவரா, இல்ல அந்த நாற்காலியைத் தூக்கிட்டு வந்தவரா?" என்று கேட்டவள்தான், பிறகு பேசவில்லை.

நேற்று சாவிக்காரர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "மெஷின் மெதுவா வரட்டும் சார். எதிர்வீட்டம்மா, நான் தெருவுல வர்றதைப் பாத்தாலே கதவைப் பூட்டிக்கிறாங்க. அந்தப் பூட்டே நான் போட்டுக் கொடுத்தது சார்" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு மனுஷன் பேரைத் தெருவில் போட்டு மிதித்திருக்கிறோம், நாங்கள் என்னவோ விதி பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே தாங்கள் எனக்கு உதவ வேண்டும். போலீஸ் உள்விஷயம் தெரிந்தவர். ஒரு இன்ஸ்பெக்டரை உட்கார்ந்தபடியே கேள்வி கேட்பது எப்படி? முதலில் என்ன கேட்க வேண்டும்? குரல் நடுங்காமலிருக்க உங்கள் இலாகாவில் பயிற்சி ஏதும் உண்டா? முடியாதென்றால் கௌரவமாக ராஜினாமா செய்யும் வழியையாவது எழுதவும். தங்கள் மனைவிக்கு எங்கள் விசாரிப்பும், குழந்தைகளுக்கு எங்கள் ஆசியும். எல்லோரும் நோய்நொடியில்லாமல், எந்தக் குழுவிலும் இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்,
கண்காணிப்புக் குழுத் தலைவர் (இப்போதைக்கு)

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். கடிதத்தை ஒட்டும்போது உங்கள் அக்கா, "சாவி இங்கே வராட்டி பெட்டி அங்கே போகட்டுமே" என்றாள். எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. பெட்டியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு போய் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இறக்கினேன். எப்படிப் பேசினேனோ தெரியாது, "இங்கேயே தொறங்க சார்" என்றேன். திறந்தார். ஒரே ஒரு தாள். அதில் மெஷினைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. 'நான் எடுக்கவில்லை என்று யாராவது தெருவுக்குச் சொல்ல வேண்டும்' என்று மட்டும் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் படித்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டு அவரே தெருவுக்கு வந்து, சாவிக்காரரையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். "இவர் மேல தப்பு இல்லம்மா, நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்" என்றார், தெருவே கேட்கிற மாதிரி. சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

அந்த அம்மாள் கதவை முழுக்கத் திறந்து, "அப்ப டி.வி.யை யாருதான் எடுத்தது?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். இத்தனை நாளில் ஸ்டேஷனிலோ குழுவிலோ ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. எனவே இன்ஸ்பெக்டரைக் கேள்வி கேட்பது எப்படி என்று தாங்கள் எழுத வேண்டாம். எதிர்வீட்டம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று உடனே எழுதவும். எங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார்.