மறுபக்கத்து வேர்

இதை முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரு சொல் பிசகினாலும் ராமாத்தாளின் குடி கெட்டுவிடும். இருந்தாலும் சொல்கிறேன்.

மோகனூர்ப் பக்கத்துக் காளியண்ணனுக்கு ஐம்பது வயது. பிள்ளை இல்லை. குறை மனைவி ராமாத்தாளுடையது என்று அவனே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். தரகன் மாதையன் ராசிபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டான். வருகிறவளுக்கு ஓர் அறை கட்டவேண்டும். அந்த இடத்தில் ராமாத்தாளின் எலுமிச்சை மரம் நின்றது. கிழட்டு மரம், தண்டெல்லாம் பிசின் வடிந்தது. ஆனால் பிள்ளையில்லாதவன் காய்க்கிற மரத்தை வெட்டுவானா? பயம்!

விவசாய இலாகாக்காரர் வழி சொன்னார்: "ஒரேயடியாகப் பிடுங்கினால் செத்துப்போகும். இப்போது ஒரு பக்கம் குழி வெட்டி வேரை அறுங்கள். எருவும் வண்டலும் போடுங்கள். புது வேர் விட்டதும் மறுபக்கம். அப்புறம் பெயர்த்து நடலாம்."

காளியண்ணன் ஒரு பக்கம் வெட்டினான். தண்ணீர் ஊற்றும் வேலை ராமாத்தாளுக்கு. சக்களத்தியின் அறைக்காக அவள் தினமும் குடம் சுமந்தாள்.

"நோவு புடிச்ச மரத்துக்கு இத்தன பக்குவமுங்களா?"

"அதுக்கு உசுரு இல்லியா புள்ள?"

"எனக்குங்க?"

"உனக்கென்ன! காட்டுச் சாளைக் குடிசையில போயி இருந்துக்க."

புது வேர் வெள்ளை வெள்ளையாக இறங்கியது. கிழட்டு மரம் துளிர்த்தது. மறுபக்கம் வெட்டக் காளியண்ணன் கடப்பாரையைத் தூக்கிய காலையில், ராமாத்தாள் மருத்துவச்சி ஆராயியைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"சாமி, கீழ வைங்க! அம்மிணிக்கு மூணு மாசமாத் தூரமே இல்லீங்க. முழுகாம இருக்கறவ புருஷன் மரத்துல இரும்பு வைக்கலாமுங்களா? அஸ்திவாரந்தான் தோண்டலாமுங்களா?"

கடப்பாரை அவன் காலிலேயே விழுந்தது.

அன்று, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். ராமாத்தாள் அழுதாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டான்.

சேதி ராசிபுரம் போயிற்று. பெண் வீட்டார் ஆவணியிலேயே வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். ராமாத்தாளின் நாற்பத்தாறு வயதில் தூரம் தானாகவே நின்றுபோகும் என்பது ஆராயிக்குத் தெரியும். காளியண்ணனுக்கு அவன் வீட்டு எருமையின் பருவம் தெரியும், அவ்வளவுதான்.

ராசிபுரத்துப் பெண்ணின் கல்யாணச் சேதி காதில் விழுந்த மறுநாள் ராமாத்தாள் போர்த்திப் படுத்தாள். "கலைஞ்சு போச்சுங்க."

"போனாப் போகுது புள்ள. ஒருக்காத் தங்கினது மறுக்காத் தங்காமயா போயிரும்?" என்று அவனே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு தரகன் மாதையன் தெருமுனையில் தலைகாட்டினால் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று, ராமாத்தாள் வாசலுக்கு வந்து ஒரு தரம் குமட்டிவிட்டுப் போவாள்.