சுகந்தியின் கண்ணுக்கு நான் எழுதிய பரீட்சை

நான் ஒரு கணித ஆசிரியர். சாதாரண தரப் பரீட்சை மண்டபங்களில் பல வருடங்கள் மேற்பார்வைக்கு நின்றவன். ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து பரீட்சை எழுதுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் விறைப்பாக நின்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், கிளிநொச்சி நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில், என் மனைவிக்குப் பதிலாக உட்கார்ந்து கண் சோதனைக்குத் தோற்றினேன் என்பதை இத்தால் ஒப்புக்கொள்கிறேன். (தோற்றியதோடு நிற்கவில்லை, தோற்றும் போனேன்.)

என் மனைவி சுகந்தி உருத்திரபுரத்தில் சாறிச் சட்டை தைப்பவள். எங்கள் பக்கத்தில் ஒரு கலியாணம், ஒரு சாமத்தியவீடு என்றால் பந்தியில் இருக்கிற பெண்களில் பாதிப் பேர் அவள் தைத்ததைத்தான் உடுத்திருப்பார்கள். நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரத்தில் வாய்க்கால் கட்டில் போகிற ஆள் யார் என்று சரியாகச் சொல்லுவாள். கையில் இருக்கும் ஊசியின் காது தெரியாது. எங்கள் மகள் ஆரணிதான் தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து ஒரு சின்னத் தலையணையில் குத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் கிடைத்தபோது எல்லோருக்கும் சந்தோசம். இனி ஊசிக்கு நூல் கோர்ப்பது யார் என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

நான்தான் கேட்டேன். "கண்ணாடி ஒண்டு எடுப்பமே?"

"விசரே உங்களுக்கு? கண்ணாடியோட மெசினில இருந்தா, இவவுக்குக் கண் போச்சுது எண்டு சனம் கதைக்கும். பிறகு ஆர் என்னட்டத் துணி கொண்டு வருவினம்? தையலையும் விட்டிட்டு நான் என்ன செய்யிறது?"

சுகந்தி மெசினில் இருக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். வேறெங்கும் முணுமுணுக்க மாட்டாள். அந்த முணுமுணுப்புக் கேட்டுக் கன காலம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு மிகவும் கவலையாக இருந்தது. கவலை வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும். (அது எப்போதும் நல்லதுக்கல்ல.)

சட்டை தைக்கக் கொடுக்கும் பெண்கள் எல்லோரும் நேரில் வருவதில்லை. பழைய சட்டை ஒன்றை அளவுக்குக் கொடுத்துப் புருசனை அனுப்பிவிடுவார்கள். அவனும் அதை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவான். சட்டைக்கு முடியுமென்றால் கண்ணுக்கு ஏன் முடியாது? அளவு சரியாக இருந்தால் போதும்தானே? இருபத்திரண்டு வருடம் தையல்காரியோடு குடும்பம் நடத்திய கணித ஆசிரியருக்கு இது பிழையே இல்லாத தர்க்கமாகப் பட்டது.

ஒரு கிழமை அளவெடுத்தேன். பத்திரிகைத் தலைப்பை அவள் எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறாள், மருந்துப் போத்தலில் எந்த எழுத்தோடு நிறுத்துகிறாள் எல்லாம் கொப்பியில் ஏறியது. ஒரு பின்னேரம் அவள் கதிரையில் கண்ணயர்ந்திருந்தபோது அவளுடைய அளவு நாடாவையே எடுத்து ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்குப் பிடித்தேன். கண்ணை முழித்துவிட்டாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"சும்மா... உம்மட முகம் எவ்வளவு எண்டு பாக்கிறன்."

அவள் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

கண்ணாடிக் கடையில் சோதிக்க நின்றவள் நிரோஜா, என்னுடைய பழைய மாணவி. நான் அப்படியே திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கண்ணாடி எனக்குத்தான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். எழுத்து அட்டையைக் கையில் தந்தாள். எனக்குக் கடைசி வரி வரை பளிச்சென்று தெரிந்தது. சுகந்தியின் கண்ணால் பார்க்க வேண்டுமே, இரண்டாவது வரியிலேயே தடக்கினேன்.

"சேர், இதுகூடவோ தெரியேல்ல?" அட்டையை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். "கரும்பலகையில கடுகு மாதிரி எழுதுவியள் சேர்..."

பாவம், பிள்ளை கண் கலங்கிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் நடிப்பை நிறுத்தவில்லை. அடுத்தது பிரேம். மெல்லிய றோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன்.

"சேர், அது பொம்பிளையளின்ர."

"நிறம் வடிவாயிருக்கு."

கொண்டுபோன அளவு நாடாவால் பிரேமின் அகலத்தை அளந்தேன். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த இரண்டு பேர் கதையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவு சரி. ஆனால் சுகந்திக்கு மூக்கின் இடப்பக்கம், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மச்சம் இருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று நான் நிமிர்ந்து பார்த்த முதல் சங்கதி அதுதான். என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்த மச்சம் மறையக் கூடாது, பிள்ளை."

நிரோஜா கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "சேர், உங்களுக்கு அதில மச்சமில்லையே."

"இனி வரும்" என்றேன்.

வாங்கில் இருந்தவர்கள் இருமத் தொடங்கினார்கள். நிரோஜா உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை கண்ணாடி வந்தது. சுகந்திக்கு நானே போட்டுவிட்டேன். ஊசியைப் பார்த்தாள்.

"ஐயோ, அலவாங்கு மாதிரிப் பெரிசாக் கிடக்கு! தலை சுத்துது!" கழற்றினாள். "இது ஆரின்ர கண்ணுக்குச் செய்தது?"

சொன்னேன், எல்லாவற்றையும். கொப்பியைக்கூடக் காட்டினேன். ஏசுவாள் என்று நின்றேன். அவள் கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுச் சாறியை மாற்றிக்கொண்டு வந்தாள். "எடுங்கோ மோட்டச்சைக்கிளை. இதைத் திருப்பிக் குடுத்திட்டு வருவம்."

கடையில் நிரோஜா எங்களை ஒன்றாகக் கண்டதும் சிரித்தாள். "அன்ரி, வந்தது வந்தனீங்கள், ஒருக்கா இதில இருங்கோ." சுகந்தி மறுப்பதற்குள் சோதனை வில்லைகள் அவள் மூக்கில் ஏறிவிட்டன. ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, அட்டையில் இருந்த எழுத்தெல்லாம் வாசித்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். தன் சட்டைக் கையை, தானே தைத்த கையை, பார்த்தாள். தையல் கோடு அங்குமிங்கும் ஓடியிருந்தது.

"இதையோ... இதையோப்பா நான் சனத்துக்குத் தைச்சுக் குடுத்தனான்?"

நிரோஜா நாங்கள் கொண்டுபோன றோஸ் பிரேமை எடுத்து அவளுக்குப் போட்டுப் பார்த்தாள். கதையையும் மாற்றினாள். "அன்ரி, பிரேம் உங்களுக்கு அளவு எடுத்ததுபோலக் கிடக்கு. வில்லையை மட்டும் மாத்துவம். சேர்தான் தெரிஞ்செடுத்தவர், தனக்கு மூக்கில மச்சம் வரும் எண்டு சொல்லி." சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சரியான வில்லை வரும் வரை அவள் மெசினைத் தொடவில்லை. வந்த அன்றே, தைக்கக் கொடுப்பவர்களின் அளவுகளை எழுதி வைக்கும் தன் கொப்பியைக் கையில் எடுத்தாள். கடைசி இரண்டு வருடத்தில் தைத்த சட்டைகளை எல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து, பிரித்துத் திருப்பித் தைக்கப் போகிறாளாம். முதல் வீடு கண்டாவளையில், கன காலமாக அவளிடம் தைப்பிக்கும் பரமேஸ்வரியின் வீடு. எங்களுக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, சுகந்தி வந்த காரியத்தைச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குத் தெரியும் அக்கா" என்றாள் பரமேஸ்வரி.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கண் வடிவாத் தெரியேல்ல எண்டு. போன பொங்கலுக்கு முதல் பொங்கலில இருந்து தெரியும். கொண்டுவந்து உள்ளால ஒரு தையல் போட்டிட்டு உடுப்பம். நான் மட்டுமில்லை, எல்லாரும்தான்."

"ஏனடி என்னட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் தையலை விட்டிடுவியள் எண்டு பயம். பிறகு எங்களுக்கு ஆர் தைக்கிறது?"

சுகந்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். சாறித் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஊருக்குப் பயந்து அவள் ஒளித்து வைத்த ஒன்று தங்களுக்குத் தெரியும் என்பதை ஊரே சேர்ந்து அவளிடமிருந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறது. வேறு வீடுகளுக்கு நாங்கள் போகவில்லை. அன்று பின்னேரம் மெசினில் முணுமுணுப்புக் கேட்டது.

இப்போது எங்கள் வீட்டில் சோறு குழைந்தாலும், கறிக்கு உப்புக் கூடினாலும் லீவில் வந்து நிற்கும் ஆரணி முகத்தைச் சுளிப்பதில்லை. "பரவாயில்லையம்மா, உள்ளால ஒரு தையல் போட்டுச் சாப்பிடுறன்" என்பாள். போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்து போனார்கள். நல்ல பொடியன், ஆனால் கொஞ்சம் வாய் கூடியவன், என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கென்ன?" என்றாள் சுகந்தி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டு. "இந்த மனிசனை நான் இவ்வளவு காலமும் உள்ளால எத்தினை தையல் போட்டு உடுத்திறன்!"