பிள்ளைக்காகப் பார்க்கிறவர்

பிள்ளைக்காகக் கார்ட்டூன் பார்க்கிறவர் என்றோர் இனம் நம் நாட்டில் வெகுவாகப் பெருகிவிட்டது. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் இவர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொள்வதில்லை என்பதால் அரசாங்கத்துக்கு இன்னும் விஷயம் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கைலி கட்டியிருக்கலாம், நைட்டியும் போட்டிருக்கலாம், சோபாவில் சரியாக உட்காராமல் அதன் கைப்பிடியில் ஒரு பக்கத் தொடையை மட்டும் வைத்துக்கொண்டு, இதோ எழுந்து போகப்போகிறேன் என்கிற தோரணையிலேயே இரண்டு மணி நேரம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். "சும்மா, பிள்ளை பாக்குதேன்னு நின்னேன்" என்று பதில் வரும். நிற்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

இவர்களில் பெரும்பாலோர் இப்போது விழுந்து கிடப்பது 'களேபர வீடு' என்கிற தொடரில். தெரியாதவர்களுக்காகவும், தெரியாது என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெருச்சாளிக் குடும்பம். அப்பா, அம்மா, பன்னிரண்டு குட்டிகள். வீட்டில் ஒரே குளியலறை. கதை அவ்வளவுதான். காலையில் ஒரு குட்டி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள, மிச்சம் பதினொன்றும் கதவை இடிக்க, குழாய் உடைந்து தண்ணீர் மாடிப்படியில் இறங்க, அப்பா பெருச்சாளி காப்பியை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து ஒன்று அதற்குள் விழ, அரை மணி நேரத்தில் வீடு தரைமட்டமாகும். மறுநாள் அதே வீடு கீறல் இல்லாமல் நிற்கும். எந்தக் கொத்தனார் வந்தார், எப்போது பூசினார் என்று எவரும் கேட்பதில்லை. எங்கேயோ வெளிநாட்டில் எடுத்ததைத் தமிழ் பேச வைத்து, அது ஓடு ஓடென்று ஓடி, சினிமாவாகி, புத்தகப் பையாகி, தண்ணீர் பாட்டிலாகி, இப்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் குடையாகவும் தொங்குகிறது.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பெயர் தெரியாததுபோலவே பேசும். "அந்தக் கண்ணாடி போட்டது பேரு என்னடா, குட்டானா புட்டானா?" குட்டான் என்று நன்றாகத் தெரியும், குட்டானுக்கு எந்தப் பல்லில் சொத்தை என்பதும் தெரியும். பிள்ளை ஒன்றுக்குப் போனால் சேனலை மாற்றாது. "வந்து அழும்" என்னும். பிள்ளை அங்கேயே தூங்கிப்போனால் டிவியை அணைக்காது. "சத்தம் நின்னா முழிச்சிக்கும்" என்னும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பெருச்சாளி ஏன் ஓடுகிறது என்று கேட்டால், "ரிமோட்ட எங்க வச்சான்னு தெரியல, தேடிக்கிட்டு இருக்கேன்" என்னும். ரிமோட் இடுப்பில் செருகியிருக்கும். கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் கடைசியாக ஒரு ஆயுதம் உண்டு: "குடும்பம்னா எப்புடி இருக்கணும்னு சொல்றான் பாருங்க. இதெல்லாம் பெரியவங்களே பாக்கணும்." இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதே வீட்டுச் சமையலறையிலிருந்து, சிலிண்டரை மாற்றிக் கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு குரல் வெகு நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு ஒருவரைப் பிடித்துக் காட்டுகிறேன். பெயர் கோபிநாத். திருக்கோகர்ணத்தில் வீடு, கீழ ராஜ வீதியில் பெயிண்ட் கடை. மகன் அரவிந்த்குமார் சின்னக் குழந்தையாக இருந்தபோது 'களேபர வீடு' பார்க்கத் துணைக்கு உட்கார்ந்தவர். மகன் வளர்ந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். துணைக்கு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "டேய், ஆரம்பிச்சுருச்சுடா, வாடா" என்று மாடிப்படியில் நின்று கூப்பிடுவார். "நீங்களே பாருங்கப்பா" என்பான் அவன். அது எப்படி முடியும்? தனியாக உட்கார்ந்து பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அதனால் எதிர்வீட்டுக் குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்து அழைத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு பெருச்சாளிகளையும் பிறந்த வரிசையில் மூச்சு விடாமல் சொல்லும் இந்த மனிதரிடம், சொந்த மகன் எந்த வகுப்பு என்று ஒருமுறை நான் கேட்டேன். "ஆறா இருக்கணும். வனிதாவக் கேட்டுச் சொல்றேன்" என்றார். வனிதா அவர் மனைவி.

அவர் குடும்பம் மட்டும் என்ன சின்னதா? சித்தப்பா பெரியப்பா வகையறாவை ஏற்றினால் ஒரு டவுன் பஸ் பத்தாது. விசேஷம் என்று கூடினால், ஒருத்தர் சாம்பாரைக் குறை சொல்ல, ஒருத்தர் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள, மண்டபத்தில் இருக்கும் ஒரே பாத்ரூம் வாசலில் பட்டுச்சேலைகள் வரிசையில் நிற்க, எல்லாம் அச்சு அசல் அதேதான். ஆனால் அதையெல்லாம் அவர் எட்டிப் பார்க்க மாட்டார். "ஒரே சத்தம், தலைவலி வந்துருது" என்பார்.

அவருக்கு ஒரே தங்கை, பிரகதீஸ்வரி, அன்னவாசலில் வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் அவள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றுதான் 'களேபர வீடு' சினிமாவை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் போட்டார்கள். "கடைக்கு லோடு வந்துருச்சு பாப்பா" என்று சொல்லி அண்ணன் போகவில்லை. லோடு வந்ததாகச் சொன்ன நேரத்தில் கடை பூட்டிக் கிடந்ததை உறவுக்காரர் ஒருவர் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து தங்கை அண்ணனோடு பேசுவதில்லை. அவளுடைய நாத்தனார் சொர்ணவல்லி மட்டும் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "ஒன் பொறந்த வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? இல்ல, இருந்தா வந்திருப்பாங்களேன்னு கேட்டேன்."

இப்படி இருக்கும்போது பிரகதீஸ்வரியின் மூன்று வயது மகள் ஜனனிக்குக் காதுகுத்து வந்தது. சித்தன்னவாசல் பக்கத்தில் இருக்கும் குலதெய்வம் ஐயனார் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை, பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். காதுகுத்து என்றால் முதலில் வேண்டியது தாய்மாமன் மடி. தோடு, மாலை, பந்தி எல்லாம் அப்புறம். அண்ணனிடம் பேச மனமில்லாமல் அவள் வனிதாவுக்குப் போன் போட்டாள்.

"மதினி, இந்தத் தடவயும் அண்ணன் வரலைன்னா எங்க நாத்தனார் வீட்டுக்காரரு வீரய்யா மடியில வச்சுக் குத்திருவாங்க. அவரும் மாமன் மொறதானன்னு இப்பவே பேச்சு நடக்குது. ஃப்ளெக்ஸ்ல மாமன் போட்டோ போடுற எடத்தக் காலியா வச்சிருக்காங்க. அப்பறம் காலத்துக்கும் அண்ணன் இல்லாதவளாத்தான் நான் அந்த வீட்டுல இருக்கணும்."

வனிதா இதைச் சொன்னதும் கோபிநாத்தின் முகம் வெளுத்துப்போனது. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு 'களேபர வீடு' சிறப்புப் பகுதி. மூத்த பெருச்சாளி ரோலி, கப்பலில் வேலை கிடைத்து வீட்டை விட்டுப் போகிறாள். ஒரு மாதமாக விளம்பரம் ஓடுகிறது. மனிதர் உடனே தங்கைக்குப் போன் செய்தார்.

"பாப்பா, பன்னெண்டு மணிக்கு மேல வச்சா என்ன?"

"பன்னெண்டுக்கு எமகண்டம்ணே."

"ஒன்றரைக்கு?"

"ஒன்றரைக்குப் பந்தி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற வனிதா, "இந்தத் தடவ லோடு வந்துச்சுன்னா, அந்த லாரியிலயே ஏறி நான் எங்க ஊருக்குப் போயிருவேன்" என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள். அதனால் போனார்.

கோயிலில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையில் போன். அந்தப் பொட்டலில் டவர் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் வாசலில் நிற்கும் மண்குதிரையின் பின்னங்காலருகே மட்டும் இரண்டு கோடு காட்டியது. மூன்றாவது கோடு கிடைக்குமா என்று போனை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து, அதையே பார்த்தபடி குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நல்ல பக்திமான்யா, நம்மதான் தெரியாம பேசிட்டோம்" என்றார் வீரய்யா. சொர்ணவல்லி அவர் கையிலிருந்த போனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. காது குத்த மாமன் இடம் பார்த்து உட்கார்ந்தது அந்தக் குதிரையின் பின்னங்காலருகேதான். பதினொரு மணிக்கு ஆசாரி தோட்டை எடுத்துக்கொண்டு கிட்டே வந்ததும் ஜனனி அலறிய அலறலில் மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பலூன் காட்டினார்கள். மணி ஆட்டினார்கள். வீரய்யா ஆடியே காட்டினார். குழந்தை இன்னும் அதிகமாகப் பயந்தது. மாமன் மடியிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கப் பார்த்தது. ஆசாரி வானத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பழக்கமில்லாத மடி பாருங்க தம்பி, அதான் கொழந்த ஒட்ட மாட்டேங்குது" என்றாள் சொர்ணவல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க வீட்டுக்காரர உக்காரச் சொல்லவா?"

பிரகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த வார்த்தை கூட்டத்துக்கு நடுவில் வந்தே விட்டது. வீரய்யா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார். கோபிநாத் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் பன்னிரண்டு பெருச்சாளிகள் ஒரே குளியலறைக்குள் நுழைய முட்டி மோதிக்கொண்டிருந்தன.

ஜனனியின் அழுகை நின்றது. "ரோலி" என்றாள், திரையைத் தொட்டு.

"ஆமா, ரோலி" என்றார் மாமன். ஊர் கூடியிருக்கும் இடத்தில் முதல் தடவையாகப் பெயர் தெரியாததுபோல் நடிக்கவில்லை.

வலது காதில் தோடு ஏறியதே குழந்தைக்குத் தெரியவில்லை. திரையில் ரோலி பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கேட் வரைக்கும் போனவள், பல் தேய்க்கும் பிரஷ்ஷை விட்டுவிட்டேன் என்று திரும்பி ஓடிவந்தாள். வீடு முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. வாசலில் காப்பியோடு நின்ற அப்பா பெருச்சாளி அப்போதுதான் மெல்ல முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்கிறது. அந்தக் கையில் பிரஷ். இன்னும் ஐந்து நிமிஷம் மகள் வீட்டில் இருக்கட்டும் என்று அதுதான் ஒளித்துவைத்திருக்கிறது. அத்தோடு டவர் போய்ப் படம் அப்படியே நின்றது. இடது காதில் தோடு ஏறியது. குழந்தை "ஸ்ஸ்" என்றது. கோபிநாத் ஓவென்று வாய்விட்டு அழுதார்.

கூட்டம் திகைத்து, பிறகு உருகியது. பிள்ளைக்கு வலிக்குமே என்று மாமன் அழுகிறாரே, இந்தக் காலத்தில் யார் அழுகிறார்கள்? பிரகதீஸ்வரி ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னையக் கட்டிக்குடுத்து கார்ல ஏத்துன அன்னைக்கு நீ பந்தல்காரன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு நின்ன. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல ஒனக்கு. இத்தன வருசமா அது என் நெஞ்சுலயே கெடந்துச்சுண்ணே."

கோபிநாத் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இவளும் பெட்டியோடு போனவள்தான் என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அழுகை இரண்டு மடங்கானது. இதில் பெருச்சாளிக்கு எவ்வளவு, தங்கைக்கு எவ்வளவு என்று பின்னால் நானே விசாரித்தேன். அவருக்கே தெரியவில்லை. "ஒன் பிரஷ்ஷக்கூட நான் எடுத்து வைக்கலியே பாப்பா" என்று மட்டும் தேம்பினார். எந்த பிரஷ் என்று அவளுக்குப் புரியவில்லை. அழுகிறவரிடம் விளக்கம் கேட்கலாமா? அவளும் சேர்ந்து அழுதாள். ஜனனிதான் இரண்டு காதிலும் தோடு மினுங்க, மாமன் கன்னத்தைத் தொட்டு, "அழாதீங்க மாமா, நாளைக்குத் திருப்பிப் போடுவாங்க" என்றாள். மழலை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

சொர்ணவல்லி சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா நெனச்சுட்டோம் தம்பி" என்று ஊர் அறியச் சொன்னாள். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். பருப்பு விழும் வரை பொறுத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மூத்தது போயிருச்சா?"

கோபிநாத்துக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. "எதச் சொல்றீங்கக்கா?"

"நடிக்காதீங்க. எங்க வீட்டுச் சின்னவன் பாத்துக்கிட்டிருப்பான், நான் அங்கிட்டு இங்கிட்டுப் போறப்ப கண்ணுல படும். பிரஷ்ஷத் தேடுறத வெளம்பரத்துல காட்டுனான், ஒளிச்சு வச்சது அப்பன்காரன்தான?"

"ஆமாக்கா. அதோட டவர் போயிருச்சு."

சொர்ணவல்லி அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டாள். குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"பால் காச்சுன அன்னைக்கு நீங்க வராதது எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. பால் பொங்குனப்ப நானும் அங்கிட்டு இல்ல தம்பி. பக்கத்து வீட்டு மாடியில டிவி முன்னாடி இருந்தேன். வெளிய சொல்லிராதீங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பிரகதீஸ்வரியின் பிறந்த வீட்டைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. சொர்ணவல்லியே சண்டைக்கு வந்துவிடுவாள். கோபிநாத் ஞாயிறு தவறாமல் அன்னவாசல் போகிறார். என்னைப் பார்க்காமல் அண்ணனால் இருக்க முடியவில்லை என்று தங்கை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு கறி எடுக்கப் போகிறாள். வீட்டில் ஜனனியை நடுவில் வைத்து, இந்தப் பக்கம் மாமனும் அந்தப் பக்கம் அத்தை சொர்ணவல்லியும், இதோ எழுந்து போகப்போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். பிரிந்த அண்ணனும் தங்கையும் சேர்ந்தார்களே என்று உங்கள் மனம் இப்போது நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லையா? அந்த மூத்த பெருச்சாளி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியதா, வீட்டோடு இருந்துவிட்டதா என்பதுதான் இன்னமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறதா? சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, உங்களுக்கும் வந்துவிட்டது. இதற்கு மருந்தில்லை.

ஏறிவிட்டது. ஆனால் அடுத்த வாரமே லீவுக்கு வந்துவிடுகிறது. நிம்மதியாகப் போய் வேலையைப் பாருங்கள்.