பதிக்கருது அண்ணாச்சியும் பதினொரு கைகளும்

திருவனந்தபுரத்தில் சுவர் என்று எது நின்றாலும், அதில் பாதிக்கு மேல் ஒரே மனிதரின் பெயரைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். ராஜ பரம்பரைக்குக்கூட இந்தப் பாக்கியம் கிடையாது. பள்ளிக்கூட மதில், ஆஸ்பத்திரி மதில், மந்திரி வீட்டு மதில், எங்கே பார்த்தாலும் அந்தப் பெயர். பெயரின் சொந்தக்காரரோ கழக்கூட்டத்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதிக்கொண்டிருந்தார். ஆபீசில் அவரைப் பதிக்கருது என்றுதான் சொல்வோம்.

‘பரஸ்யம் பதிக்கருது’ என்பது சுவரில் உள்ள முழு வாசகம். விளம்பரம் ஒட்டாதே என்று அர்த்தம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் அம்பாசமுத்திரத்திலிருந்து வேலைக்கு வந்தபோது எனக்கு மலையாள எழுத்து தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சுவரைக் காட்டிக் கேட்டேன். அவர் கடைசி வார்த்தையை மட்டும் சத்தமாகப் படித்தார். ‘பதி கருது’ என்று என் காதில் விழுந்தது. பதி என்றால் கடவுள், கருது என்றால் நினை. பத்மநாபசாமி பள்ளிகொண்ட ஊர் அல்லவா, சுவருக்குச் சுவர் பக்தி வளர்க்கிறார்கள் என்று நம்பி, ஒரு மாதம் மதில் மதிலாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சில மதில்களின் அடியில் ஊர்க்காரர்கள் நின்று செய்துகொண்டிருந்த காரியத்தைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

நம்மவர் வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. அங்கே அவரை அண்ணா என்பார்கள். எனக்கு வாயில் அண்ணாச்சிதான் வரும். விளம்பரம் என்ற ஒன்றை அவரால் தாங்க முடியாது. சாலை பஜாரில் சோப்பு வாங்கப் போனால் சோப்பின் பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னால் கம்பெனிக்காரனுக்குச் சும்மா விளம்பரம் செய்தது ஆகிவிடுமாம்.

“சதுரமா, பச்சையா, வேப்பெண்ணெ வாசனையோட ஒண்ணு வருமே, அது.”

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டுவார்.

“அதில்லை ஓய், அதோட அண்ணா.”

அவர் சோப்பு வாங்கி முடிப்பதற்குள், பின்னால் நிற்பவர்கள் வியர்வையிலேயே குளித்து முடித்திருப்பார்கள்.

கம்பெனி ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் நெஞ்சில் கம்பெனிப் பெயர் போட்ட பனியன் கொடுத்தார்கள். அண்ணாச்சி அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். மானேஜர் முகம் கறுத்துவிட்டது. “எந்தா இது?” என்றார்.

“கோடெழுதான் வந்நதா சாரே, போர்டாயிட்டு நில்க்கான் வந்நதல்ல” என்றார் அண்ணாச்சி. போர்டாக நிற்பதற்கு வரவில்லையாம்.

அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுவே காரணம். வீட்டார் அவருக்குத் தெரியாமல் பேப்பரில் ‘மணமகள் தேவை’ கொடுத்துவிட்டார்கள். ‘சிவந்த நிறம், நற்குணம்’ என்று போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களுக்கெல்லாம் இவரே உட்கார்ந்து கைப்பட பதில் எழுதினார்: ‘நிறம் மாநிறம். குணம் விசாரித்துக்கொள்ளவும்.’ ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். நான் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் கழித்துச் சொல்ல என்ன வெட்கம், அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை.

காரணம் ஒரு மொழி. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் மொழி. அதன் பெயரை எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்று எனக்கும் இப்போது கை வருவதில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர், குளிர் தேசத்தில் உட்கார்ந்து அதைப் படைத்து உலகத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார். நாங்கள் அவரை பிரம்மா என்போம். அந்த மொழிக்கு ஒரு வெப்சைட் இருந்தது. பல தேசத்து ஆட்கள் சம்பளம் இல்லாமல் அதைப் பராமரித்தார்கள். உழைத்தவர்கள் பட்டியலில் நாலாவது பெயர் எங்கள் அண்ணாச்சியுடையது. பிரம்மா அவருக்குத் தனியாக மெயில் போடுவார். எதிர் சீட்டு சிந்து, எங்கள் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் பெண், என் பிழைகளை மானேஜருக்குச் சொல்வாள், அண்ணாச்சியின் பிழைகளை அவர் காதில் மட்டும் சொல்வாள்.

நானும் விடாமல் முட்டி மோதினேன். அதற்குள் மலையாளம் பேசவும் படிக்கவும் பழகியிருந்தேன். ‘தமிழ், மலையாளம் இரண்டும் நன்றாகத் தெரியும்’ என்று எழுதிப்போட்டு, வெப்சைட்டின் மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவனாக ஆனேன். பட்டியலில் என் பெயர் நாற்பத்து மூன்றாவதாக வந்தது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா அதை லேமினேட் செய்து, ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாராம். பெயர் போடச் சொல்லி சிபாரிசு செய்தது அண்ணாச்சிதான் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.

இந்த நேரத்தில்தான் பிரம்மா ஒரு கேள்வி கேட்டார். வெப்சைட்டின் தலையில் விளம்பரப் பட்டை போட ஒரு கம்பெனி கேட்கிறது, போடலாமா? ஊருக்கு ஒரு ஓட்டு. அந்தந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவைச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சிக்குச் சாமி வந்துவிட்டது. உலகத்தார் படிக்கும் மெயில் பட்டியலில் ஒன்பது பக்கக் கட்டுரை எழுதினார். மறுநாள் இன்னொரு ஒன்பது பக்கம். எனக்கு விளம்பரம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவர் வேண்டாம் என்றதால் நான் வேண்டும் என்றேன். டீ குடிக்கும்போது சிந்து முன்னாலேயே மடக்கினேன்.

“ஏன் அண்ணாச்சி, கோயில் ட்யூப்லைட்லகூடத்தான் உபயம் இன்னார்னு எழுதிருக்கு. சாமி கோவிச்சுக்கிட்டா?”

“எழுதிருக்கு. அதனாலதானேடா வெளிச்சம் வரல்லை” என்றார்.

சிந்து சிரித்த சிரிப்பில் அவள் கையில் இருந்த டீ என் சட்டையில் கொட்டியது.

“பாஷைன்னா அது யாரோட சொத்து?” என்று அவர் தொடர்ந்தார். “நாளைக்கு மலையாளத்துக்கு நெத்தியில பல்பொடி போர்டு வெக்கலாம்னா சம்மதிப்பியோ? பேசற பாஷைக்கு ஒரு நியாயம், எழுதற பாஷைக்கு ஒரு நியாயமாக்கும்?”

நான் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, டீக்கடை மாடியில் எங்கள் ஊர்க் கூட்டம் நடந்தது. என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அண்ணாச்சி தலைவர். கூட்டக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு ஓட்டு. துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாமா, எல்லோர் முன்னாலும் கை தூக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அண்ணாச்சிக்கு ஒளிவு மறைவு பிடிக்காது.

“பரஸ்யமாயிட்டு மதி. எல்லார்க்கும் பரஸ்யம் சம்மதமல்லே?”

இங்கேதான் மலையாளம் என் காலில் வந்து விழுந்தது. பரஸ்யம் என்றால் விளம்பரம் மட்டும் இல்லை. ரகசியத்துக்கு எதிர்ப்பதமும் அதுதான். பகிரங்கமாக ஓட்டெடுக்கச் சம்மதமா என்று அவர் கேட்டார். பதினொரு கைகளும் மேலே போயின. அண்ணாச்சியின் கை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

அடுத்து அவர் “சைட்டில் பரஸ்யம் வேணோ?” என்று நிஜமான கேள்வியைக் கேட்டபோது, பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜித் தட்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டது. “வேண்டா, வேண்டா” என்று கத்திக்கொண்டே எல்லோரும் தட்டைப் பார்த்து நகர்ந்தார்கள். எண்ணுவதற்குக் கை இல்லை. எல்லாக் கையிலும் பழம்பொரி.

நான் குறிப்பு எழுதினேன். ‘பரஸ்யத்துக்குச் சம்மதமா என்று தலைவர் கேட்டார். பதினொரு பேரும் கை தூக்கினார்கள்.’ ஒரு எழுத்து பொய் கிடையாது. இதை இங்கிலீஷில் எழுதும்போது பரஸ்யத்துக்கு விளம்பரம் என்ற அர்த்தத்தைப் போட்டேன். எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஊர்த் தண்ணீர் குடித்த நாக்கு, நன்றாகவே புரிந்தது. பக்கத்து இன்டர்நெட் சென்டருக்குப் போய், இரண்டு விரலால் பொத்தானை அழுத்தி உலகத்துக்கு அனுப்பிவிட்டு, பழம்பொரி மீதி இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பினேன்.

மற்ற ஊர்களின் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. எங்கள் ஓட்டால்தான் விளம்பரம் ஜெயித்தது. பதினெட்டுப் பக்கம் எதிர்த்து எழுதிய மனிதர் தன் கையைத் தூக்கி ஆதரித்தார் என்று உலகமே சிரித்தது. எனக்கு முதல் நாள் இனித்தது. இரண்டாம் நாள் பிரம்மாவிடமிருந்து அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்.

‘நீ கை தூக்கினாய் என்பதை நம்ப முடியவில்லை. குறிப்பு எழுதியவருக்கு உங்கள் ஊர் மொழி தெரியாதா, அல்லது தெரிந்தே மாற்றி எழுதினாரா? எதுவானாலும் சொல். அவர் பெயரை நீக்கிவிட்டு, உங்கள் ஓட்டை மறுபடி எடுக்கச் சொல்கிறேன்.’

தெரியாமல் எழுதினேன் என்றால் மொழிபெயர்ப்பாளன் என்ற பெயர் போகும். தெரிந்தே எழுதினேன் என்றால் மானம் போகும். ரேஷன் கடை வரிசையில் அப்பா அந்த லேமினேட்டோடு நிற்பது கண்ணில் வந்தது. அண்ணாச்சி ஒரு வார்த்தை எழுதினால் போதும், விளம்பரமும் ஒழியும், நானும் ஒழிவேன். அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு வார்த்தையாக எழுதியிருப்பேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் தட்டினார். ‘குறிப்பு சரி. நான் கேட்டேன். கை தூக்கினேன்.’ அனுப்பினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பாதியில் விட்ட வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“சேட்டனு எந்து பற்றி?” என்று சிந்து கேட்டாள். அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கவலை.

“ஒந்நுமில்ல” என்றார்.

தலைவரே சரி என்றபின் கூட்டத்துக்கு வந்த மற்றவர்களும் நமக்கென்ன என்று விட்டுவிட்டார்கள். விளம்பரம் வந்தது. அந்தந்தப் பக்கத்தில் உள்ள வார்த்தையைப் பார்த்துத் தானாகவே பொருத்தமான விளம்பரம் போடும் ஏற்பாடு அது. கம்ப்யூட்டர் மொழியில் வாரிசு என்று ஒரு பாடம் உண்டு. அதன் தலையில் சொத்துத் தகராறு வக்கீல் வந்து நின்றார். குப்பை அகற்றுதல் என்று இன்னொரு பாடம். அங்கே குப்பை லாரி வந்தது. அண்ணாச்சி ஒரு அட்டையை நீளமாக வெட்டி, தன் மானிட்டரின் மேல் விளிம்பில் விளம்பரம் வரும் இடத்தை மறைத்து ஒட்டிக்கொண்டார். அதன் அடியில் தலையைச் சாய்த்துப் பார்த்து, வழக்கம்போலச் சம்பளம் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர் கழுத்தைச் சாய்க்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து வலித்தது.

பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் நெடுஞ்சாலை டீக்கடையில் வாயைத் திறந்தேன். லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

“என்னடா?”

“அன்னைக்கு எனக்கு மலையாளம் வெளங்குச்சு!” என்று கத்தினேன். “வேணும்னுதான் அப்படி எழுதுனேன், அண்ணாச்சி!”

டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

“மெதுவாச் சொல்லுடா. நான் மூடி வெச்சதை நீயே பரஸ்யமாக்கிடுவே போலருக்கே” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? கை தூக்கறச்சே மத்தவா எல்லாம் பழம்பொரி வந்துடுத்தான்னு படியைப் பார்த்தா. நீ மட்டும் என் கையைப் பார்த்தே.”

“பின்ன ஏன் சொல்லல? ஒரு வார்த்தையில ஜெயிச்சிருப்பீங்களே.”

அவர் கிளாஸைக் கழுவ வைத்திருந்த வாளிப் பக்கம் வைத்தார்.

“விளம்பரம் இன்னைக்கு வரும், நாளைக்கு எடுத்துக் களையலாம். ஒருத்தனோட பேர் போனா எங்க போய் எடுக்கறது? உங்க அப்பா லேமினேட் பண்ணிருக்கார்னு நீதானேடா பெருமையாப் பறஞ்சே.”

அவர் சொன்ன மாதிரியே விளம்பரம் போயிற்று. பிரம்மாவின் தலையில் ஒரு முடி கிடையாது. ஒருநாள் அவருடைய புகைப்படம் இருந்த பக்கத்தில் வழுக்கைக்கு மருந்து விளம்பரம் வந்து நின்றது. மறுநாள் காலை வெப்சைட் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பதினெட்டுப் பக்கக் கட்டுரை செய்யாததை ஒரு தைல பாட்டில் செய்துவிட்டது.

ஆனால் என் பொறாமை போகவில்லை, இடம்தான் மாறியது. பட்டியலில் நாலாவது இடம், பிரம்மாவின் கடிதம், சிந்துவின் சிரிப்பு, இதற்கெல்லாம் பட்டது சில்லறைப் பொறாமை. தோற்றுப்போகிறோம் என்று தெரிந்தே ஒற்றை விரலால் ‘குறிப்பு சரி’ என்று தட்டிய அந்த மனசு எனக்கு ஏன் இல்லை என்ற பொறாமைதான் பெரியது. அது இன்றும் எரிகிறது. பிறகு நானும் வேறு ஊர், வேறு ஆபீஸ் என்று எத்தனையோ நாற்காலி பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்த மனிதருக்குப் பக்கத்து நாற்காலியில் நாலு வருடம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லும்போது, கேட்பவர்கள் என்மேல் கொஞ்சமாவது பொறாமைப்பட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.