ஸ்காபரோவில் நடந்த கொழும்புப் புரட்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், குளிர்க்கோட்டைக் கழற்ற முன்னமே மரியரட்ணம் கொழும்புக்கு ரெலிபோன் எடுப்பார். அவருடைய மனைவி மக்டலீன் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு ஊராக மழைக்குள் நடந்து வெளிக்கிட்டு, வவுனியாவில் மாதக்கணக்காய் மறிபட்டு, ஒருவாறு கொழும்புக்கு வந்து சேர்ந்த மனுசி. கனடாவுக்கு அவரை எடுக்கும் அலுவல் முடிகிற தறுவாயில் இருந்தது. மெடிக்கல் முடிந்தது, பொலிஸ் றிப்போட்டும் போய்விட்டது, விசா ஒன்றுதான் பாக்கி. இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு ஞாயிறு, லைன் போகவில்லை.

திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். மறுமுனையில் ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மனம் கேளாமல் மேல்மாடிக்கு ஏறிப்போய் இக்னேசியஸிடம் சொன்னார். அதோடு வந்தது வினை.

இக்னேசியஸ் கிழமை நாட்களில் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி இறக்குபவர். மிச்ச நேரத்தில் தமிழ் வானொலியின் அரசியல் ஆய்வாளர். அந்த நாட்களில் ரொறன்ரோவில் அரசியல் ஆய்வாளராக இருப்பது மீசை வைப்பது மாதிரி. விரும்பிய ஆம்பிளைகள் எல்லாரும் வைத்துக்கொண்டார்கள்.

“கீச்செண்டு கேட்டதோ, கூவெண்டு கேட்டதோ?” என்று இக்னேசியஸ் விசாரித்தார்.

“கீச்செண்டுதான்.”

இக்னேசியஸ் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “ரெலிபோன் நிலையத்தைப் பிடிச்சிட்டாங்கள், அண்ணை.”

“ஆர்?”

“ஆமி. எந்த நாட்டில புரட்சி நடந்தாலும் முதல்ல ரெலிபோன் நிலையத்தைத்தான் பிடிப்பாங்கள். இது இராணுவப் புரட்சி.”

“லொட்ஜில மட்டும் போன் பழுதாயிருக்கலாம்தானே, தம்பி?”

“நீங்கள் அப்பிடி நினைக்கவேணும் எண்டுதான் அவங்களும் விரும்புறாங்கள்.”

அன்று பின்னேரமே வானொலியில் விசேட ஆய்வு ஒலிபரப்பாகியது. ‘கொழும்பிலிருந்து எமக்குக் கிடைத்த மிக நம்பகமான தகவல்’ என்று இக்னேசியஸ் தொடங்கினார். அந்தத் தகவல் மரியரட்ணத்தின் கீச்சுச் சத்தம்தான். திங்கட்கிழமை காலிமுகத்திடலில் டாங்கிகள் நின்றன. செவ்வாய்க்கிழமை கடற்படை இரண்டாய்ப் பிரிந்தது. தமிழ்க் கடைகளில் சிவப்பரிசியும் கருவாடும் முடிந்துபோயின. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு அழைத்திருந்த ஒரு குடும்பம், ‘தாயகத்தில் ஏற்பட்டுள்ள அசாதாரண சூழ்நிலையைக் கருத்திற்கொண்டு, பிள்ளையைக் குதிரை வண்டியில் அழைத்துவரும் நிகழ்வு இரத்துச் செய்யப்பட்டு, அவர் லிமோசினில் மிக எளிமையாக அழைத்துவரப்படுவார்’ என்று பத்திரிகையில் அறிவித்தது.

மற்றவர்களும் கொழும்புக்கு ரெலிபோன் எடுக்காமல் இல்லை. எடுத்தவர்களுக்கு லைனும் கிடைத்தது. “இங்க ஒண்டும் இல்லை, வழக்கம்போலத்தான்” என்று சொந்தக்காரர் சொன்னார்கள். இதை இக்னேசியஸிடம் கேட்டபோது அவர் இரக்கத்தோடு சிரித்தார். “பக்கத்தில ஆமிக்காரன் துவக்கோட நிக்கேக்கை வேற என்னெண்டு சொல்லுறது?” அதற்குப் பிறகு, ஒன்றுமில்லை என்று அழுத்திச் சொன்ன சொந்தக்காரருக்காகத்தான் ஆட்கள் கூடப் பயந்தார்கள்.

வியாழக்கிழமை மக்டலீனே எடுத்தார்.

“இஞ்சேருங்கோ, லொட்ஜ் முதலாளி சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறதுக்கெண்டு போனைக் கழட்டி வைச்சிட்டான். நீங்கள் எடுத்துப் பாத்திருப்பியள்.”

மரியரட்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோசத்தோடு மேலே ஓடிப்போய் இக்னேசியஸிடம் சொன்னார்.

“என்ன நிறப் பெயின்ற்?”

“பச்சை எண்டவ.”

“ஆமி உடுப்பும் பச்சை” என்றார் இக்னேசியஸ். சனிக்கிழமை ஆய்வில் அதுவும் சேர்ந்தது.

இந்த நேரத்தில் மோர்னிங்சைட் தமிழர் நலன்புரி ஒன்றியத்தின் தலைவர் சிவபாதம் களத்தில் இறங்கினார். அவருடைய தம்பியின் மகன், பெறாமகன் ஒருவனை, அகதி வழக்குத் தோற்று இலங்கைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்திருந்தது. புரட்சி நடக்கிற நாட்டுக்கு ஆட்களை அனுப்பாதே என்று ஒன்றியம் கொடி பிடித்தது, பதாகை கட்டியது, மண்டபம் எடுத்துக் கூட்டம் வைத்தது. வழமைக்கு மாறான நிலவரங்களைக் கவனிக்கும் கனடிய அரசாங்கப் பிரிவு ஒன்றிலிருந்து கொலின்ஸ் என்ற அதிகாரி வந்து முன் வரிசையில் இருந்து, வடை சாப்பிட்டு, கவனமாகக் குறிப்பெடுத்தார். சில நாட்களுக்குள் உத்தரவு வந்தது. இராணுவப் புரட்சி நிகழ்ந்துள்ளபடியால், இலங்கைக்கு ஆட்களைத் திருப்பி அனுப்புவது மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகிறது. ஸ்காபரோ முழுக்க லட்டு கொடுத்தார்கள். மரியரட்ணமும் ஒன்று சாப்பிட்டார்.

லட்டு செமிக்க முன்னம், மக்டலீனின் விசாவும் அதே காரணத்தால் நிறுத்தப்பட்டது என்று மரியரட்ணத்துக்கு அறிவித்தார்கள். அவர் வேலை செய்த றெஸ்ரோறன்ற் குசினியில் லீவு சொல்லிவிட்டு, கொலின்ஸின் கந்தோருக்குப் போனார். கொலின்ஸ் ஆங்கிலத்தில் கதைத்தார். மரியரட்ணம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்தார். நாங்கள் இரண்டையும் தமிழில் கேட்போம்.

“உங்கள் தாயகத்துக்கு நேர்ந்த துயரத்துக்கு எனது ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றார் கொலின்ஸ்.

“அங்க அப்பிடி ஒண்டும் நேரேல்லை, சேர். புரட்சி நடக்கேல்லை.”

“நடந்ததாக உங்கள் ஒன்றியம் சொல்கிறது. தலையாய சாட்சியாக, மனைவியின் ரெலிபோன் துண்டிக்கப்பட்ட ஒருவரையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். மரியரட்ணம் என்று பெயர்.”

“அது நான்தான்.”

“அப்படியானால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.”

“லொட்ஜில பெயின்ற் அடிச்சவங்கள், சேர்.”

“புரட்சி நடக்கவில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் வைத்திருக்கிறீர்களா?”

“நடக்காததுக்கு என்னெண்டு ஆதாரம் காட்டுறது?”

“அதுதான் எங்களுக்கும் சிக்கல்” என்று கொலின்ஸ் மனமார ஒப்புக்கொண்டார். “அரசாங்கம் கவிழ்ந்த நாட்டின் பொலிஸ் றிப்போட்டை நாங்கள் ஏற்க முடியாது. உங்கள் மனைவி காத்திருக்கத்தான் வேண்டும்.”

மரியரட்ணத்துக்குக் கோபம் வந்தது. “சேர், அங்க பத்துப் பதினைஞ்சு வருசமாச் சண்டை நடக்குது. குண்டு போடுறான். அதுக்கு ஒருத்தரும் ஒண்டையும் நிப்பாட்டேல்லையே?”

“அது வழமையான நிலவரம். எங்களுடையது வழமைக்கு மாறான நிலவரங்களுக்கான பிரிவு.” கொலின்ஸ் நல்ல மனுசன். குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். “புரட்சி நடக்கவில்லை என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. முடிந்துவிட்டது என்று ஒன்றியம் அறிவித்தால் போதும்.”

மரியரட்ணம் நேரே சிவபாதத்தின் வீட்டுக்குப் போனார். இக்னேசியஸும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“புரட்சியை முடிச்சுத் தாங்கோ அண்ணை. மனுசி அங்க லொட்ஜில கிடக்கிறா. கிழமைக்கு ரெண்டு தரம் பொலிஸ் வந்து தட்டி எழுப்புறான்.”

சிவபாதம் யோசித்தார். “இப்ப முடிச்சால் என்ர பெறாமகன்ர கதி என்ன? அடுத்த கூட்டத்துக்கு மண்டபமும் சொல்லிப் போட்டம்.”

“ஆய்வு ரீதியாயும் சரிவராது” என்றார் இக்னேசியஸ். “ஒரு இராணுவப் புரட்சி எண்டால் குறைஞ்சது ஆறு மாதமாவது இருக்கவேணும். இப்ப முடிஞ்சால் ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

“தொடங்கினதை நம்பினவைதானே?”

மரியரட்ணம் வாழ்க்கையில் ஒருவரையும் வெருட்டி அறியாதவர். கதிரையை விட்டு எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று ஆறுதலாகச் சொன்னார். “அப்ப நான் மற்ற றேடியோவுக்குப் போறன். பெயின்ற் கதையைச் சொல்லப் போறன்.”

மற்ற றேடியோ என்றதும் இக்னேசியஸின் தேத்தண்ணி கோப்பையிலேயே ஆறிப்போனது. அங்கே அவரை விடப் பெரிய மீசைக்காரர் இரண்டு பேர் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். “இருங்கோ அண்ணை. தளபதிமாருக்குள்ள பிரச்சினை வந்திட்டுது எண்டு எனக்கு இப்பதான் ஒரு தகவல் கிடைச்சது.”

வெள்ளிக்கிழமை புரட்சி முறியடிக்கப்பட்டது. சனிக்கிழமை முடித்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு அந்தச் சாமத்தியவீடு. ஒன்றியத்தின் அறிவித்தலோடு மரியரட்ணம் கொலின்ஸிடம் போனார்.

“ஜனநாயகம் திரும்பியது காலையிலா, மாலையிலா?” என்று கொலின்ஸ் கேட்டார்.

“பின்னேரம், சேர்.”

“அவர்கள் நேரமா, எங்கள் நேரமா?”

“எங்கட நேரம்” என்றார் மரியரட்ணம். அது உண்மைதான்.

கொலின்ஸ் எழுந்து நின்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். விசா விரைவில் கிடைத்தது. அதே கிழமையில் சிவபாதத்தின் பெறாமகனுக்கும் ஒரு அறிவித்தல் போனது. உங்கள் நாட்டில் ஜனநாயகம் மீண்டும் மலர்ந்துள்ளதையிட்டு மகிழ்ச்சியடைகிறோம், ஆகவே அங்கே திரும்பிச் செல்வதில் உங்களுக்கு இனி அச்சமிருக்க நியாயமில்லை. அவனைப் போல இன்னும் பலருக்குப் போனது. புரட்சி வர முன்னம் ‘அங்கே சண்டை நடக்கிறது’ என்றாவது வழக்காட இடமிருந்தது. இப்போது நாடு உத்தியோகபூர்வமாகத் திருந்திவிட்டது. பெறாமகன் அப்பீல் போட்டுவிட்டு, புதிதாய் ஒரு வக்கீலைத் தேடித் திரிந்தான். தமிழ்க் கடையில் கண்டபோது அவன் மரியரட்ணத்தோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மரியரட்ணத்துக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் மக்டலீன் விமானநிலையத்தில் சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் எல்லாவற்றையும் மறந்து பிள்ளையைப் போல அழுதார்.

மக்டலீன் வந்தது ஒன்றியத்துக்கும் கொண்டாட்டம்தான். சொல்லி வைத்த மண்டபம் சும்மா கிடந்தது. ‘புரட்சியின் நடுவே வாழ்ந்தவர்: ஒரு நேரடிச் சாட்சியம்’ என்று கூட்டம் ஒழுங்கு செய்தார்கள். மக்டலீனுக்கு மாலை போட்டு மேடையில் இருத்தினார்கள். மரியரட்ணத்துக்கு முன் வரிசையில் இடம் கிடைத்தது. சன நெரிசல்.

மக்டலீனுக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. நடந்ததைச் சொன்னார். ஒரே நாளில் ஊர் முழுக்க வெளிக்கிட்டதை, இருட்டுக்குள்ளும் மழைக்குள்ளும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நடந்ததை, ஏலாமல் தெருவோரத்தில் இருந்துவிட்ட கிழவரை யாரும் தூக்க முடியாமல் போனதை, லொட்ஜில் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எல்லாரும் கட்டிலில் எழும்பி அடையாள அட்டையைத் தேடுவதை. சொல்லும்போது அவருடைய குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. பின் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் கார் பார்க்கிங்கைப் பார்க்க எழும்பிப் போனார். இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த கதை, வழமையான நிலவரம்.

கேள்வி நேரத்தில் முன் வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். “அன்ரி, உது சரி. புரட்சி நடந்த அண்டைக்கு டாங்கியள் எந்தப் பக்கத்தால வந்தது? கோட்டைப் பக்கத்தாலயோ, கொள்ளுப்பிட்டிப் பக்கத்தாலயோ?”

மக்டலீன் விளங்காமல் பார்த்தார். “டாங்கி ஒண்டும் வரேல்லையே, தம்பி. அங்க புரட்சியெண்டு ஒண்டும் நடக்கேல்லை.”

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சிவபாதம் இக்னேசியஸைப் பார்த்தார். இக்னேசியஸ் மெல்ல எழுந்து, மக்டலீனுக்கு முன்னால் இருந்த மைக்கைப் பணிவோடு தன் பக்கம் திருப்பினார்.

“அன்ரியில பிழையில்லை” என்றார். “பாவம், அவ அங்கயே இருந்தவ. அங்க இருந்தபடியால் அவவுக்கு நிலைமை தெரிய வாய்ப்பில்லை.”

மண்டபம் ஆறுதலடைந்து கைதட்டியது. நெடுநேரம் தட்டியது. மேடையில் மாலையோடு இருந்த மக்டலீன் புருசனைத் தேடி முன் வரிசையைப் பார்த்தார். அப்போதுதான் மரியரட்ணம் குனிந்து பார்த்தார். தன்னுடைய கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.