கேக்கல பாய் வந்த நிக்காஹ்

அரபியில் பிறந்த நிக்காஹ் என்ற சொல் உருது, மலாய், துருக்கி என்று எத்தனையோ மொழிகளுக்குக் குடிபோயிருக்கிறது. போன இடத்திலெல்லாம் ஜனங்களுக்குச் சந்தோஷம்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டாலே பெண்ணைப் பெற்றவர்கள் தலையில் கையை வைத்துக்கொள்வார்கள். காரணம் ஒரே ஆள். கேக்கல பாய்!

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிளாஸ்டிக் குடம், பக்கெட் விற்கிறவர். எங்கள் ஜமாஅத்தில் யார் வீட்டு நிக்காஹ் என்றாலும், பெண்ணிடம் சம்மதம் கேட்டுவந்து அவள் சார்பாகச் சபையில் சொல்கிற வக்கீல் அவர்தான். மற்ற ஊர்களில் பெண் தலையைக் குனிந்தாலே போதும், பிரியாணிக்குப் போய்விடுவார்கள். இவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலம்மா" என்பார். கூட வந்த சாட்சிகள் "எங்களுக்குக் கேட்டுச்சு பாய், வாங்க" என்று கெஞ்சினாலும் நகர மாட்டார்.

செவிடு என்று நினைக்காதீர்கள். தெருக்கோடியில் அவரைத் திட்டினால் இங்கிருந்து பதில் வரும். கடையில் பக்கெட்டைப் பார்த்துத் தலையாட்டினால்கூட, "வேணுமா வேணாமா? வாயத் தொறந்து சொல்லு" என்று கத்தி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வார்.

எலவனாசூர்கோட்டை மண்டபத்தில் ஒரு பெண் பொறுமையிழந்து, "சம்மதம், சம்மதம், சம்மதம்! போதுமா?" என்று அலற, நிக்காஹே முடிந்துவிட்டதென்று சமையல்காரர் பிரியாணி அண்டாவின் தம்மை உடைத்துவிட்டார். மாப்பிள்ளை மேடை ஏறுவதற்குள் பாதிப் பந்தி முடிந்திருந்தது. அப்பவும் மனுஷன் திருந்தவில்லை.

"அந்த ஆளு மட்டும் வேணாம்" என்று என் நிக்காஹுக்கு என்னைப் பெற்ற அத்தாவிடம் அழுதேன். "அவரு கோச்சிக்குவாரும்மா" என்று அத்தா நழுவிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். நிக்காஹுக்கு முந்தின நாள் மாமியார், "வேலையெல்லாம் இன்னாத்துக்கு? வூட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்றார். அத்தா பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அழுது முடித்து, தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பாய் வந்து கேட்டார். தலையாட்டினேன்.

"கேக்கலம்மா."

அம்மா தொடையில் கிள்ளினாள். "சம்மதம்" என்றேன்.

"கேக்கல."

"சம்மதம்!" என்று கத்தினேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. கிழவர் அசையவில்லை. "அழுதுக்கினே சொன்னா எனக்குக் கேக்காதும்மா" என்றார்.

"வேலைய வுட மாட்டேன் மாமா" என்றேன். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்த அம்மாவுக்கே விழவில்லை.

"கேட்டுச்சு" என்று எழுந்துபோனார்.

நேராகப் போய், நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜரத்து பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்தார். "பொண்ணுக்குச் சம்மதம். ஆனா வேலைய வுடாதாம். மாப்ளைக்கும் சம்மதம்னா மேல நடத்துங்க ஹஜரத்து!"

மாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாராம். உள்ளே பெண்கள் பக்கம் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நிக்காஹ் நின்றுபோனால் அத்தா எப்படி வெளியே தலை காட்டுவார்? பாவி மனுஷா, இதையா மைக்கில் சொல்வது?

மாப்பிள்ளை தலையாட்டினாராம். "கேக்கல மாப்ள" என்று பாய் மைக்கை நீட்ட, "சம்மதம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னது மார்க்கெட் வரைக்கும் கேட்டது.

மாமியார் ரொம்ப நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்கு அவருக்கு சுகர் பார்த்துவிட்டுத்தான் மலை பஸ் ஏறுகிறேன். என் மகள் இப்போதுதான் பேசப் பழகுகிறாள். அவள் நிக்காஹ் அன்றும் அந்த மனுஷன் திடமாக வந்து உட்கார்ந்து எங்கள் எல்லோர் உயிரையும் எடுக்கவேண்டும். அல்லாஹ் அவருக்கு அவ்வளவு ஆயுசைக் கொடுக்கட்டும்.